அக்காவுக்கு வந்த ஜன்னல்

கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய மறுநாள் காலையில், மூன்றாம் தளத்தில், சலவை அறைக்கும் என்ஜின் அறைக்கும் நடுவே, நாலு சுவரும் ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் தவிர வேறெதுவும் இல்லாத 3117ஆம் அறையில், என் அக்கா செண்பகவல்லிக்கு ஒரு ஜன்னல் வந்தது. இரண்டடி அகலம், மூன்றடி உயரம், மூலை வளைந்த நல்ல மரச்சட்டம், அதற்கு அப்பால் கடல். முதலில் பார்த்தது படுக்கை விரிப்பு மாற்றப் போன ரெமிஜியஸ் என்ற தூத்துக்குடிப் பையன்தான், அவன் கத்தவுமில்லை, ஓடவுமில்லை, கொஞ்ச நேரம் நின்று கடலைப் பார்த்துவிட்டு, "அம்மா, காத்துல தலையணை உறை பறக்கு பாருங்க, ஜன்னல் கதவுக்கு ஒரு கொக்கி போட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டுக் கொக்கி எடுக்கப் போனான். அன்று பத்து மணிக்குள் அந்தத் தளம் முழுக்கப் பார்த்தது, மத்தியானத்துக்குள் கப்பல் முழுக்கப் பார்த்தது. ஆயிரத்து எண்ணூறு பேரில் பார்க்காதவன் நான் ஒருத்தன்தான். போகாமல் இல்லை, போனேன், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், எனக்குச் சுவர்தான் தெரிந்தது.

ஏன் தெரியவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் உலகநாதன், கோவில்பட்டிக்காரன். முப்பத்தாறு வருஷம் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து எழுந்தவன். எந்தப் பெட்டியில் எந்தப் படுக்கை கக்கூஸ் பக்கம், எது சக்கரத்துக்கு நேர் மேலே, எதில் படுத்தால் ராத்திரி முழுக்க ஆள் இடித்துக்கொண்டே போவான் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதனால் எங்கள் குடும்பம் கூட்டமாக எங்கே கிளம்பினாலும், காசிக்கோ கல்யாணத்துக்கோ, யாருக்கு எந்த இடம் என்று பிரிப்பது என் பொறுப்பு. ஜம்பமாகத்தான் செய்வேன். அந்த முப்பத்தாறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட வித்தையை உங்களிடம் மறைக்கப்போவதில்லை: மோசமான இடத்தை யார் வாயே திறக்க மாட்டார்களோ அவர்கள் தலையில் கட்டிவிட வேண்டும், அப்போது வண்டி சண்டை சச்சரவில்லாமல் ஊர் போய்ச் சேரும்.

எங்கள் வீட்டில் வாய் திறக்காத ஆள் அக்கா. எனக்கு ஆறு வயது மூத்தவள். சின்ன வயதில் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினோமென்றால் அவள் முதலில் ஓடிப்போய் ஜன்னலோர இடத்தைப் பிடிப்பாள், பிடித்து, நான் வந்ததும் எழுந்துவிடுவாள். "தம்பிக்கு வாந்தி வரும், அவன் ஜன்னலோரம் இருக்கட்டும்" என்பாள். உண்மைதான், எனக்கு வாந்தி வரும். பன்னிரண்டு வயதில் அது நின்றுபோனது. ஆனால் ஜன்னலோரம் மட்டும் என்னிடமே இருந்துவிட்டது, நானும் திருப்பித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. கட்டிக்கொடுத்த ஆறாம் வருஷம் அத்தான் போய்விட்டார், பிள்ளை இல்லை, கழுகுமலைப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் இருபத்தெட்டு வருஷம் அமைப்பாளராக இருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டாள். எங்கள் வீட்டில் இடம் குறைந்தால், இலை குறைந்தால், போர்வை குறைந்தால் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. "அக்கா அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவா." காசி யாத்திரையில் ஐம்பத்தெட்டு வயதுக்காரியைக் கக்கூஸ் பக்கத்து மேல் படுக்கையில் ஏற்றிவிட்டதும் நான்தான். ஏறிப் படுத்துக்கொண்டு, "மேல நல்லா காத்து வருது தம்பி" என்றாள். வரவில்லை, எனக்குத் தெரியும்.

கப்பல் யோசனை என் தம்பி மந்திரமூர்த்தியுடையது. இலங்கையைச் சுற்றி ஐந்து நாள். நானும் என் பெண்டாட்டி சங்கரவடிவும் ஒரு அறை. மகள், மாப்பிள்ளை, பேத்தி இதழினி ஒன்று. மாப்பிள்ளையைப் பெற்ற சம்பந்திமார் ஒன்று. மந்திரமும் அவன் பெண்டாட்டியும் ஒன்று. காலேஜ் படிக்கும் அவன் மகன்கள் இருவருக்கும் ஒன்று. அக்காவுக்கு ஒன்று. ஆக ஆறு அறை. கப்பலின் தளப்படத்தைப் பெரிதாக அச்செடுத்து வரச்சொல்லி, சாப்பாட்டு மேஜையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் கவிழ்த்து, பென்சிலும் கையுமாக நாலு நாள் உட்கார்ந்தேன். அட, கப்பல் என்ன, மிதக்கிற ரயில்தானே! நடுவில் இருந்தால் ஆட்டம் குறைவு, மூக்கிலும் வாலிலும் ஆட்டம் அதிகம், நீச்சல்குளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடிகாலையில் நாற்காலி இழுக்கிற சத்தம், பாட்டுக் கச்சேரி மண்டபத்துக்கு மேலே எடுத்தால் பன்னிரண்டு மணி வரை டமடமா, லிப்டுக்கு நாலு கதவு தள்ளி எடுத்தால் சம்பந்தியம்மாள் முழங்காலுக்கு நல்லது. எல்லாம் பார்த்து எட்டாம் தளத்தில், கப்பலின் நட்டநடுவில், பால்கனி வைத்த அறைகள் ஐந்து வரிசையாகப் பிடித்துவிட்டேன். ஆறாவது அங்கே இல்லை. எங்கேயும் இல்லை. மிச்சம் இருந்தது 3117.

மந்திரத்தின் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அதையும் சொல்லிவிடுகிறேன். "பெரியப்பா, அந்த ரூமை எங்களுக்குத் தந்துருங்க, நாங்க தூங்கத்தானே போவோம்" என்று அவர்களே கேட்டார்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் மந்திரம், "என் பிள்ளைகளைக் கொண்டுபோய் அடித்தட்டுல போட்டானே எங்க அண்ணன்" என்று பத்து வருஷத்துக்குக் கல்யாண வீடு கல்யாண வீடாகச் சொல்லுவான். சம்பந்தியிடம் நீட்ட முடியுமா? மாப்பிள்ளையிடம் நீட்ட முடியுமா? நான் எடுத்துக்கொள்ளலாமென்றால், வடிவு பால்கனியில் உட்கார்ந்து காபி குடிக்கிற மாதிரி எதிர்வீட்டுக்காரிக்கு அனுப்ப வேண்டிய போட்டோ வரைக்கும் தீர்மானித்து வைத்திருந்தாள். ஆக, அக்கா.

சும்மா கொடுத்திருந்தாலும் அக்கா வாங்கிக்கொண்டிருப்பாள். பாவி நான் அதோடு விடவில்லை. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று, "திருவுளச்சீட்டுப் போடுவோம், முருகன் யாருக்கு எதைக் கொடுக்கானோ கொடுக்கட்டும்" என்றேன். எங்கள் பக்கத்தில் பெரிய முடிவுக்கெல்லாம் அதுதான் வழக்கம். சீட்டெழுதி, உள்ளே ஒரு சிட்டிகை திருநீறு வைத்து மடித்து, செம்பில் போட்டு, கழுகுமலை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு எடுத்தால் அதற்கு அப்புறம் அப்பீல் கிடையாது. மூத்தவள் என்பதால் அக்காதான் முதலில் எடுப்பாள். நான் ஒன்றுபோல இரண்டு செம்பு தயார் பண்ணினேன். முதல் செம்பில் ஆறு சீட்டு, ஆறிலும் 3117. அவள் எடுத்ததும், "மத்தவங்களுக்கு இன்னொரு தடவை குலுக்குதேன்" என்று சாமி அலமாரிப் பக்கம் திரும்பி, படத்துக்குப் பின்னால் வைத்திருந்த இரண்டாவது செம்பை மாற்றிக்கொண்டு வந்தேன். அதில் ஐந்து பால்கனி. வடிவு பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தாலும் அவளுக்குப் பால்கனி வேண்டும்.

அக்கா சீட்டைப் பிரித்து எண்ணை எழுத்துக் கூட்டுவதுபோலப் படித்தாள். உள்ளே இருந்த திருநீறை நெற்றியில் இட்டுக்கொண்டு, சீட்டை இரண்டு கண்ணிலும் ஒற்றி, மணிபர்ஸில் வைத்தாள். "மூணாம் தளமா, ஏறி இறங்க வேண்டாம், முருகன் என் காலைப் பாத்துக் குடுத்திருக்கான்" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே என்னை அறைய வேண்டும்போல இருந்திருக்கும்.

மிச்ச ஐந்து சீட்டை என்னால் தூரப்போட முடியவில்லை. திருநீறு மடித்த காகிதம், சாமி முன்னால் இருந்தது, குப்பையில் போடலாமா? அதையெல்லாம் ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும். கடலுக்குத்தானே போகிறோம் என்று என் கண்ணாடிக்கூட்டுக்குள் வைத்துக்கொண்டேன். சாமியை ஏமாற்றலாம், சாமி காகிதத்தைக் குப்பையில் போடக்கூடாது, பார்த்துக்கொள்ளுங்கள் என் பக்தியை. கப்பலேறிய அன்று சாயங்காலமே பால்கனியில் நின்று எறிந்து பார்த்தேன். ஐந்தும் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வந்து என் காலடியிலேயே விழுந்தன. பொறுக்கி எடுத்துக் கூட்டுக்குள் வைத்தேன்.

மறுநாள் காலையில் அக்காவுக்கு ஜன்னல் வந்தது.

வந்ததைக் கப்பல் எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் வேடிக்கை. கொக்கி போட்ட கையோடு ரெமிஜியஸ் தன் நோட்டில் 3117க்கு நேராக ஜன்னல் ஒன்று என்று எழுதி, கண்ணாடி துடைக்கிற வேலையையும் சேர்த்துக்கொண்டான். சலவை அறைக்காரர்கள் நீராவியில் வெந்துகொண்டிருந்தவர்கள், முறைவைத்து இரண்டு இரண்டு பேராக வந்து ஐந்து நிமிஷம் முகத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள், அன்றிலிருந்து கப்பலில் எல்லோருடைய துண்டிலும் கடற்காற்று வாசம் அடித்தது. அந்த ஜன்னலில் எந்நேரமும் காலைதானாம். மத்தியானம் போனாலும் சாயங்காலம் போனாலும் அப்போதுதான் சூரியன் ஒரு முழம் ஏறியிருக்குமாம், தண்ணீர் வாழைக்குருத்து நிறத்தில் கிடக்குமாம், தூரத்தில் ஒரு பாறை, பாறைமேல் வெள்ளைப் பறவைகள். தூங்கி வழிந்து ஒன்பது மணிக்கு எழுந்திருக்கிற ஜனங்களெல்லாம் சூரியோதயம் பார்க்க 3117க்கு வர ஆரம்பித்தார்கள். நடைபாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள், யாரும் கழற்றச் சொல்லவில்லை. திருச்சிக்காரம்மா ஒருத்தி சட்டத்தின் மேல் மூலையில் ஒரு முழம் மல்லிகைச் சரம் மாட்டிவிட்டுப் போனாள்.

கேப்டனும் வந்தார். நரைத்த தாடி வெள்ளைக்காரர். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கையிலிருந்த திசைகாட்டியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். "இது நாம போற வழியில உள்ள கடல் இல்லையாம், ஆனா கடல்தானாம், குத்தமில்லையாம்" என்று ரெமிஜியஸ் தமிழில் சொன்னான். அன்றைக்குப் பாதுகாப்புப் பயிற்சியில், 3117ஆம் அறைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை எட்டிப்பார்க்க விட வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கூட்டத்தைப் பார்த்து அக்கா மிரளுவாள் என்று நினைத்தேன். அவளா மிரளுவாள்? இருபத்தெட்டு வருஷம் தட்டேந்தி நின்ற வரிசையை மேய்த்தவள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். "சின்னப் பிள்ளைக முன்னாடி வாங்க, தள்ளாதிய, எல்லாருக்கும் கடல் இருக்கு. ஐயா, நீங்க ரெண்டாந்தடவை, பாக்காதவுகளுக்கு விடுங்க." மூன்றிலிருந்து ஐந்து மணி வரை அறை சாத்தியிருக்கும், அது அவள் ஓய்வு நேரம், கேப்டனே வந்தாலும் திறக்க மாட்டாள். அந்த இரண்டு மணி நேரமும் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, சட்டத்தில் முழங்கையை ஊன்றி, தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பாளாம். அறுபத்தேழு வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் ஜன்னலோரம்.

என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். "பாத்தியா தம்பி, எப்படி இருக்கு?"

எனக்கு முன்னால் வெள்ளையடித்த இரும்புச் சுவர். அதில் ஆணியுமில்லை, ஒன்றுமில்லை, ஆனால் ஒரு முழம் மல்லிகை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எதில் தொங்குகிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

"அருமையா இருக்குக்கா" என்றேன். பொய் சொல்லுகிறவனுக்கு ஒரு பொய்யோடு எங்கே முடிகிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் வினை வந்தது. பதினெட்டு வகைச் சாப்பாட்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் பன்னிரண்டு பேரும் தயிர்ச்சோறும் ஊறுகாயுமாக வட்டமேஜையில் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைக்கக்கூடாது. எங்க பால்கனியில தெரியுறது வெறும் தண்ணி. கீழ மதினி ரூம்ல தெரியுறதுதான் கடல். பாத்தபிறகு எங்களுக்கு அங்க இருப்புக் கொள்ளலை."

"அதானே!" என்று மந்திரம் பிடித்துக்கொண்டான். "சீட்டுப் போட்ட அன்னைக்கு அந்த ரூம்ல ஜன்னல் இல்ல. இப்ப இருக்கு. விஷயம் மாறிட்டுல்லா? மறுபடி சீட்டுப் போடுவோம். ஏ அண்ணே, எழுது. ஆறு சீட்டு."

மாப்பிள்ளை காகிதக் கைக்குட்டையை ஆறாகக் கிழித்து என் பக்கம் நகர்த்தினார். வடிவு, "மதினிக்கு என்ன, எங்க படுத்தாலும் தூங்குவாக, அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவாக" என்றாள்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"போடுங்கப்பா, எனக்கென்ன" என்றாள். "இந்த வயசுக்கு மேல எனக்கு ஜன்னல் எதுக்கு. யாருக்கு வந்தா என்ன, எல்லாம் நம்ம பிள்ளைகதானே." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவள் விரல்கள் நின்றுபோய்விட்டன, சோறு விரலிடுக்கில் அப்படியே இருந்தது, உருண்டையும் ஆகவில்லை, வாய்க்கும் போகவில்லை. அந்தக் கையை நான் பார்த்தேன். பஸ்ஸில் எனக்காக எழுந்திருக்கும்போது முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த கை.

"முடியாது" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "என்ன விளையாட்டுல இது? முருகன் முன்னாடி வச்சு எடுத்த சீட்டு. அக்காவுக்குன்னு அவன் குடுத்தது. மறுசீட்டுப் போட்டா அது சாமியை நம்பலைன்னு சொன்னதாகும். போடுறவன் கை விளங்காது. அந்த ரூம் அக்காவுக்கு, ஜன்னல் அக்காவுக்கு, இனி யாரும் பேசப்படாது."

சம்பந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மந்திரம் ஆறு துண்டுக் காகிதத்தையும் சுருட்டித் தட்டுக்கடியில் வைத்தான். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பொய், அந்தப் பொய்தான் அன்றைக்கு அவள் ஜன்னலைக் காப்பாற்றியது. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. விரல்களை நக்கிக்கொண்டு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு ரெமிஜியஸ் வந்து, அம்மா கூப்பிடுகிறார்கள் என்றான். ஓய்வு நேரத்தில் யாருக்கும் திறக்காத கதவு எனக்குத் திறந்தது. ஜன்னலோரம் போட்டிருந்த நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். என்ஜின் சத்தம் காலுக்கடியில் தடதடத்தது. எனக்கு நேரே சுவர், சுவரில் வாடிப்போன மல்லிகை.

"தம்பி" என்றாள். "அம்மா போனதுக்குப் பிறகு எனக்காக யாரும் ஒரு வார்த்தை பேசினதில்ல. உங்க அத்தான்கூட அவுக வீட்டாரு முன்னால வாயைத் திறக்க மாட்டாக. நீ இன்னைக்குப் பேசுன. இந்த ஜன்னல்கூட எனக்குப் பெரிசில்ல, பாத்துக்கோ. முருகன் குடுத்தான், என் தம்பி காவல் நின்னான், இதைவிட எனக்கு என்ன வேணும்?" சொல்லும்போதே கண் நிறைந்து வழிந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நல்ல வார்த்தையை வாங்கிக்கொண்டு அந்த நாற்காலியில் இன்னும் ஒரு நிமிஷம் உட்கார என்னால் ஆகவில்லை. கண்ணாடிக்கூட்டைத் திறந்து ஐந்து சீட்டையும் அவள் மடியில் போட்டேன்.

"பிரிச்சுப் பாருக்கா."

முதல் சீட்டைப் பிரித்தாள். 3117. இரண்டாவது. 3117. ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள்போல, மூன்றாவதைப் பிரிக்கும்வரை உதட்டில் சிரிப்பு இருந்தது. நாலாவது. ஐந்தாவது. பிரிக்கப் பிரிக்கத் திருநீறு அவள் சேலையில் உதிர்ந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு செம்பை, படத்துக்குப் பின்னால் ஒளித்ததை, பிள்ளைகள் கேட்டும் கொடுக்காததை, நீ வாய் திறக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும் என்பதை, காசி யாத்திரையை, ஜன்னல் வந்த நாளிலிருந்து எனக்கு இந்தச் சுவர் சுவராகத்தான் தெரிகிறது என்பதை. சொல்லச் சொல்ல என் நெஞ்சிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கியது. அழுதேன். அழுகை எவ்வளவு சுகமாக இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அக்கா அழவில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். மடித்து முடித்து நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தபடி,

"ஏல, ஜன்னலை யாரு அடைச்சா?" என்றாள்.

எழுந்து வந்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள். நகர்த்தி நகர்த்தி, இங்கே இருந்ததே, இங்கேதானே இருந்தது என்று தேடுவதுபோல, இரும்பு முழுக்கத் தடவினாள். மல்லிகைச் சரம் கையில் பட்டதும் நின்றாள். அது எதிலும் தொங்காமல் தொங்குவதை அவளும் என்னைப்போலவே பார்த்தாள்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்ல தம்பி" என்றாள். "இன்னும் ரெண்டு நாளுதானே."

"மனசு பொறுக்கலைக்கா."

"உன் மனசு பொறுக்கலைன்னா நீதானே பொறுக்கணும்? நான் எத்தனை பொறுத்தேன்." கோபமாகச் சொல்லவில்லை, சத்துணவில் பருப்புக் குறைகிறது என்று சொல்லுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "நீ இப்ப இறக்கி வச்சுட்ட. நான் இதை எங்க கொண்டுபோய் இறக்க?"

நான் அவள் காலில் விழப் போனேன், நகர்ந்துகொண்டாள். என் பால்கனி அறையை எடுத்துக்கொள், நான் இங்கே படுக்கிறேன் என்று கெஞ்சினேன். "அது எனக்கு எதுக்குடா" என்றாள். மணி ஐந்தாகிவிட்டிருந்தது. வெளியே நடைபாதையில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. "பெரியாச்சி, திறங்க!" என்று என் பேத்தி இதழினி கதவைத் தட்டினாள்.

அக்கா முகத்தைக் கழுவினாள், திருநீறு உதிர்ந்த சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள், போய்க் கதவைத் திறந்தாள். "சின்னப் பிள்ளைக முன்னாடி வாங்க, தள்ளாதிய."

வந்தவர்கள் எப்போதும்போலக் கடலைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மற்ற எல்லோருக்கும் ஜன்னல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனக்கும் அவளுக்கும்தான் இல்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமும், மறுநாள் முழுக்கவும், சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, வயதானவர்களைக் கைப்பிடித்து நிறுத்தி, "நல்லா தெரியுதா? இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டாள். இந்தத் தடவை என் உண்மைக்கு.

கடைசி நாள் காலையில், சென்னை வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், நடைபாதை கொள்ளாத கூட்டம். எங்கள் குடும்பமும் பெட்டி படுக்கையோடு வந்து நின்றது. வரிசையின் கடைசியில் நான் நின்றேன். முந்தின நாள் முழுக்க அந்தத் தளத்தின் பக்கம் தலைகாட்டாதவன், அன்றைக்குப் போகாவிட்டால் இனி என்றைக்கும் அவள் முகத்தில் முழிக்க முடியாது என்று தோன்றிப் போனேன். கதவருகே வந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா இதழினியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சுவருக்கு நேரே நின்றாள்.

"என்ன தெரியுது, பெரியாச்சிக்குச் சொல்லு."

"பாறை. பறவை. அப்புறம் நிறையத் தண்ணி."

"தண்ணி என்ன கலரு?"

"பச்சை. இல்ல, மஞ்சள். சூரியன் இருக்குற பக்கம் மஞ்சள்."

"ம். சொல்லு, சொல்லு." அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பிறகு இடுப்பிலிருந்த மணிபர்ஸைத் திறந்து சீட்டுகளை எடுத்தாள். நான் கொடுத்த ஐந்து, அவள் கண்ணில் ஒற்றி வைத்திருந்த ஒன்று, ஆக ஆறு. குழந்தை கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். "சாமி காகிதம். தண்ணியில போடு கண்ணு." இதழினி கையை ஓங்கி எறிந்தாள். சீட்டு சுவர் வரைக்கும் போனது, நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள். சுவரில் பட்ட சத்தமில்லை, கீழே விழவுமில்லை. ஆறும் அப்படியே போயின. "மிதக்குது பெரியாச்சி, படகு மாதிரி மிதக்குது" என்று குழந்தை கைதட்டியது. அறை முழுக்கக் கைதட்டியது.

அக்கா திரும்பினாள். கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டாள். நான் பின்வாங்கப் பார்த்தேன், அதற்குள் பின்னால் ஆள் வந்து நின்றது.

"கொஞ்சம் விலகுங்க, வழி விடுங்க" என்று எல்லோரையும் கையால் ஒதுக்கினாள். "தம்பிக்கு வாந்தி வரும், அவன் ஜன்னலோரம் நிக்கட்டும்."

எல்லோரும் சிரித்துக்கொண்டே விலகினார்கள். அறுபத்தொரு வயதுக்காரனுக்கு வாந்தி வருமென்று ஒரு அக்கா சொன்னால் சிரிக்கத்தானே செய்வார்கள். மந்திரம்கூடச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மன்னித்துவிட்டுச் சொன்னாளா, மன்னிக்கவே மாட்டேன் என்று சொன்னாளா, அவள் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. இதழினியை இறக்கிவிட்டு, எப்போதும்போல ஒரு அடி தள்ளி நின்று எனக்கு இடம்விட்டாள்.

நான் போய் நின்றேன். முழங்கையை ஊன்ற இடம் தேடினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. பின்னால் அத்தனை பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.